நமக்கு மட்டுமே தெரிந்த கவிதை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த பொருள் ‘இலக்கியமும் வெகுசனமும்’ என்பதாகும். இப்பொருளில் வழக்கமாக என்ன பேசப்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வார இதழ்கள் இலக்கியத்தை நீர்க்கச் செய்துவிட்டன, திரைப்படம் கவிஞனை விழுங்கிவிட்டது என்றெல்லாம் வருந்திவிட்டுச் சிற்றிதழ்களுக்கு ஒரு வாழ்த்துக் கூறி அமர்வது மரபு. நான் எழுதுவோரைப் பற்றி மிகுதியாகப் பேசப் போவதில்லை. வாசகராகிய நம்மைப் பற்றியே பேச விரும்புகிறேன். நாம் கண்டெடுத்துப் போற்றி வந்த ஒன்று ஊரார் அனைவர்க்கும் உரியதாகிவிடும்போது நம் உள்ளத்தில் ஓர் உணர்வு எழுகின்றதே, பாதி மகிழ்ச்சியும் பாதி எரிச்சலுமாக, அதனைப் பற்றி. ஊடலுக்கு எத்தனையோ துறைகள் வகுத்த நம் முன்னோர் இவ்வுணர்வுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

இது இலக்கியத்துக்கு மட்டும் உரிய உணர்வன்று. ஆம்பூர்ப் பிரியாணி என்ற பெயர்ப்பலகையை இன்று நெடுஞ்சாலையெங்கும் காண்கிறோம். வெளியூர் செல்லும் ஆம்பூர்க்காரர் அப்பலகையைக் கண்டதும் பெருமிதம் கொள்கிறார். உள்ளே சென்று உண்டுவிட்டு வெளியே வந்ததும், “சீரகச் சம்பாவே இல்லை, இதற்குப் பெயர் ஆம்பூர்ப் பிரியாணியா?” என்று நொந்துகொள்கிறார். பலகையைக் கழற்றச் சொன்னாலோ அதற்கும் அவர் உடன்படமாட்டார்.

என் முதுகலை வகுப்பு மாணவர் ஒருவர் அடிக்கடி ஒரு கறுப்புச் சட்டை அணிந்து வருவார். அதில் ‘மெட்டாலிக்கா’ என்ற பெயர் இடியும் மின்னலுமாக எழுதப்பட்டிருக்கும். என்னவென்று கேட்டதற்கு ஒரு மணி நேர விளக்கம் கிடைத்தது. அவர் சொல்லக் கேட்டும் பின்னர் நானே படித்தும் அறிந்தவற்றைக் கூறுகிறேன். நம் மேடைக்குப் புறம்பான செய்தி என்று கருதிவிடாதீர்கள்.

‘ஹெவி மெட்டல்’ என்பது 1970ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தின் பர்மிங்காம் என்னும் தொழில் நகரத்து இளைஞர்களிடமிருந்து உருப்பெற்ற இசை. அதன் முன்னோடிக் குழுவாகிய ‘பிளாக் சாபத்’தின் கிதார்க் கலைஞர் டோனி ஐயோமி, பதினேழாம் வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் இரு விரல்களின் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் துண்டை ஒட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். வலிக்காமல் அழுத்துவதற்காகத் தந்திகளைத் தளர்த்தி வாசிக்க நேர்ந்ததும் அந்த இசையின் கனத்த ஒலிக்கு ஒரு காரணம் என்பர். இயந்திரத்துக்கு விரல் கொடுத்தவர்களையும், தோலைக் கொண்டு பிழைப்பவர்களையும் அன்றாடம் காணும் நமக்கு இச்செய்தி அயலானதன்று.

மெட்டாலிக்கா என்பது அவ்வழியில் பின்னர் வந்த அமெரிக்கக் குழு. 1982இல் அவர்கள் ஒரு மாதிரி ஒலிநாடாவைப் பதிவு செய்தனர். ‘தோலை அணியும்வரை வாழ்வில்லை’ என்பது போலப் பொருள்படும் பெயர் அதற்கு! (நம் வட்டாரத்துத் தோல் ஏற்றுமதியாளர் எவரும் மனமுவந்து ஏற்கக்கூடிய பெயர்.) அந்த நாடா கடைகளில் விற்கப்படவில்லை. ஒருவர் படியெடுத்து நண்பருக்கு அஞ்சலில் அனுப்புவார். பெற்றவர் இன்னொரு படியெடுத்து வேறொருவருக்கு அனுப்புவார். இப்படியே நாடுகளைக் கடந்து அது பரவியது. அனுப்புகிறவர் நாடாவோடு ஒரு கடிதமும் வைப்பார். எந்தப் பாட்டை முதலில் கேட்க வேண்டும், அது ஏன் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் அதில் இருக்கும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி இரண்டு சினங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991இல் அக்குழு வெளியிட்ட இசைத்தொகுப்பில் பாடல்கள் குறுகின, வேகம் தணிந்தது, மெட்டுகள் எளிமையாயின. உலகெங்கும் கோடிக்கணக்கில் அது விற்றது. பழைய சுவைஞர் பலர் தம் குழு விலைபோய்விட்டது என்று சினந்தனர். அதன்பின் முப்பத்தோராண்டுகள் கழிந்தன. 1986இல் அவர்கள் பாடிய ஒரு பாடல் 2022இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒலித்தது. அப்பாடல் பிறந்தபோது தாமே பிறந்திராத சிறுவர் சிறுமியர் இலட்சக்கணக்கில் அதைக் கேட்கத் தொடங்கினர். அப்போதும் பழையவர்கள் சிலர் சினந்தனர். புதியவர்களுக்கு என்ன தெரியும் என்றனர். குழுவினரோ வருவோர் அனைவரும் வருக என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டனர்.

இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை. 1991இல் பாட்டு மாறியது. மாற்றம் நல்லதா தீயதா என்று வாதிடலாம். வாதிடுவதற்கு ஒரு பொருள் இருந்தது. 2022இல் பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது கேட்போர் தொகை ஒன்றே. முன்னையது மதிப்பீடு, பின்னையது பொறாமை. இரண்டும் ஒரே சொற்களில் பேசுகின்றன என்பதுதான் தொல்லை. ‘மலிந்துவிட்டது’ என்று மதிப்பீடும் கூறும், பொறாமையும் கூறும்.

அந்த மாணவர் ஒரு நாள் என்னிடம், “அம்மா, இப்போது இந்தச் சட்டையைத் துணிக்கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு பாட்டின் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள்” என்றார். 2011இல் அக்குழு பெங்களூரில் பாடியபோது அவர் தொடக்கப்பள்ளிச் சிறுவர். நான்கு மணி நேர இரயில் தொலைவில் நடந்த நிகழ்ச்சிக்குப் போகாமற் போனது இன்றும் அவருக்குத் தீராக் குறை. அவர் குரலில் இருந்த துயரம் எனக்குப் பழகிய துயரமாகவே பட்டது. நம் சிற்றிதழ்க்காரர்களின் குரல் அது.

சி. சு. செல்லப்பா 1959 சனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே வரம்பிட்டுக்கொண்டார். வாசகர் தொகையைப் பெருக்க இதழ்கள் அலைந்த காலத்தில் அத்தொகைக்கு வேலி கட்டிய இதழ் அது. அந்த வேலியைத் தாண்ட எவரும் முண்டியடிக்கவில்லை. படிகளின் தொகை அவ்வெல்லையை நெருங்கவேயில்லை. ஆயினும் ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைக்கு அங்குதான் இடம் கிடைத்தது. பசுவய்யா, சி. மணி, தருமு சிவராமு, வைதீஸ்வரன் முதலியோர் அங்குதான் கூடினர். 1970இல் ‘எழுத்து’ நின்றது. அதன் படியொன்றை வைத்திருந்தவர் அதனைப் பத்துப் பேருக்குக் கொடுத்தார். திரும்பி வந்ததா என்று கணக்கும் வைத்திருந்தார்.

இதே செல்லப்பாதான் தம் பதிப்பக நூல்களை மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகச் சென்றார். கல்லூரி வாசல்களில் நின்றார், பேராசிரியர்களிடம் பேசினார், மாணவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். வேலி கட்டியவரும் மூட்டை சுமந்தவரும் ஒருவரே. இதை முரண் என்று கருதுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நூல் பலரை அடைய வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. யாரும் கொடுக்காமல், யாரும் எடுத்துச் சொல்லாமல், கடையில் தொங்கி விற்பதைத்தான் அவர் விரும்பவில்லை.

பின்னர் 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வந்தது. விலையிலாக் கவிமடல் என்று தன்னை அறிவித்துக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் கவிதையை இலவசமாகக் கொடுத்தது. ‘எழுத்து’ வழிவந்தோர் பலர் முகம் சுளித்தனர். இது கவிதையன்று, மேடை முழக்கம் என்றனர். மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ 1974இல் வெளிவந்து பதிப்பின்மேல் பதிப்பாகக் கல்லூரி மாணவர் கைகளில் தவழ்ந்தபோது அச்சுளிப்பு மேலும் ஆழ்ந்தது. நா. காமராசன் திரைப்பாடல் எழுதச் சென்றபோது, “அன்றே சொன்னோமே” என்றவர்களும் உண்டு.

இச்சுளிப்பில் மதிப்பீடு எவ்வளவு, பொறாமை எவ்வளவு? இரண்டும் இருந்தன என்பதே என் துணிபு. கைத்தட்டலுக்காகக் கடைசி வரியை முறுக்கி வைக்கும் பழக்கம் தமிழ்க் கவிதையைத் தொற்றியது அக்காலத்தில்தான். அதைக் கண்டித்தவர்கள் கவிதையின்மீது கொண்ட அக்கறையால்தான் கண்டித்தார்கள். அந்நோய் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. இன்று காலை நம் கவியரங்கிலும் அதன் இருமல் கேட்டது, கவிஞர்கள் பொறுத்தருள்க. ஆனால் உழவனையும் தொழிலாளியையும் பாடிய ஒரு கவிதை அவர்களுடைய பிள்ளைகளைச் சென்றடைந்துவிட்டது என்பதற்காகவே அதைத் தாழ்வாகக் கருதியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய சினத்துக்கும் கவிதைக்கும் தொடர்பில்லை.

உரைநடையிலும் ஒரு சான்று உண்டு. ‘சரஸ்வதி’யில் எழுதி வளர்ந்த ஜெயகாந்தன் ‘ஆனந்த விகட’னுக்குச் சென்றபோது இழந்துவிட்டோம் என்றே பலர் எண்ணினர். அங்கே 1966இல் வெளிவந்ததுதான் ‘அக்கினிப் பிரவேசம்’. மழை நாளொன்றில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளைத் தாய் தலையில் நீரூற்றி, நீ தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்ளும் கதை. அதே கதை சில நூறு படிகள் அச்சான சிற்றிதழில் வந்திருந்தால் நல்ல கதை என்று நான்கு பேர் எழுதியிருப்பர். அத்துடன் அமைதி நிலவியிருக்கும். வார இதழில் வந்ததனால் அது வீட்டுக்கு வீடு சண்டையாயிற்று. அக்கதையைப் பெண்கள் சமையலறையில் வைத்துப் படித்தார்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிர்க் கட்சி பேசினார்கள். எழுத்தாளர் அதற்காகக் கதையைத் தணிக்கவும் இல்லை. கூட்டம் பெருகியதால் கூர் மழுங்கும் என்பது எப்போதும் உண்மையன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் பாலாற்றங்கரையிலேயே ஒருவர் வாழ்ந்தார். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்களைக் குறிப்பிடுகிறேன். 2017இல் மறைந்தார். கவியரங்க மேடையில் அவர் தலைமையேற்றால் ஆயிரக்கணக்கானோர் கூடுவர். அவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினால் மறுமுறை கேட்பர். அதே மனிதரின் ‘பால்வீதி’, 1974இல் வெளிவந்தது, எளிதில் பிடிபடும் நூலன்று. படிமமும் குறியீடும் மீமெய்யியலுமாக, படிப்பவரைத் திணறச் செய்யும் கவிதைகள் அவை. திரைப்பாடல் எழுதும் வாய்ப்பை அவர் ஏற்கவில்லை என்பது அனைவரும் அறிந்தது. அதை மட்டும் சொல்லிப் பாராட்டிவிட்டுப் போகிறோம். பல்லாயிரம் பேரை அவர் மறுக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். எந்த வாயில் வழியாக அவர்களைச் சந்திப்பது என்பதைத் தாமே முடிவு செய்துகொண்டார். மேடைக்கு உரியதை மேடையில் கொடுத்தார்; தனிமையில் படிக்க வேண்டியதை நூலில் வைத்தார். மேடையில் கேட்டு மயங்கி நூலை வாங்கிப் பொருள் விளங்காமல் தவித்த இளைஞர் எத்தனையோ பேர். அத்தவிப்பிலிருந்து கவிஞரானவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

என் துறை சார்ந்த ஒரு பழைய செய்தியையும் கூற வேண்டும். உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது சீவக சிந்தாமணியின் ஏட்டுச் சுவடியை வைத்துக்கொண்டு பொருள் காண முடியாமல் இடர்ப்பட்டார். நூல் கையில் இருந்தது. நூலின் உலகம் கையில் இல்லை. அவ்வூரிலேயே சமணக் குடும்பத்தார் சிந்தாமணியைப் புனித நூலாகப் போற்றி, முறையாகக் கூடிப் படித்து வந்தனர். வழிவழியாக ஒரு சிறு வட்டம் காத்து வந்த நூல் அது. சைவராகிய ஒரு வாத்தியார் வந்து, இதனை அச்சிட்டு உலகுக்கெல்லாம் கொடுக்கப் போகிறேன் என்று கேட்கிறார். எங்கள் நூல் எங்களோடு இருக்கட்டும் என்று அவர்கள் கதவை அடைத்திருக்கலாம். அதற்கு உரிமையும் இருந்தது. ஏடு தர மறுத்தவர்கள், பூட்டி வைத்துச் செல்லுக்கு இரையாக்கியவர்கள் ஆகியோரின் கதைகள் ஐயரின் தன்வரலாற்றில் நிறைய உண்டு. கும்பகோணத்துச் சமணர் அவ்வாறு செய்யவில்லை. அவரை உட்கார வைத்து, தம் சமயக் கருத்துகளை ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இன்று முதுகலை வகுப்பில் என்னால் அந்நூலைப் பாடம் சொல்ல முடிகிறது என்றால் அந்தச் சிறு வட்டத்தினர் வாய் திறந்ததனால்தான்.

ஒலிநாடாவோடு வந்த கடிதம், செல்லப்பாவின் தோள்மூட்டை, கும்பகோணத்துச் சமணரின் விளக்கம் ஆகிய மூன்றும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. சிறு வட்டத்திடம் இருக்கும் செல்வம் நூலன்று. நூலைக் கொடுக்கத் தெரிந்த கை. நூல் பெருந்திரளிடம் போகும்போது அக்கை கூடவே போகாவிட்டால்தான் இழப்பு நேர்கிறது. கை போகாமல் நின்றுவிட்டு, நூல் கெட்டுப்போயிற்று என்று நாம் குறைகூறுவது முறையாகாது.

இப்போது நம் வட்டத்துக்கு வருகிறேன். மலரில் அச்சாகும் உரையில் இதைச் சேர்க்க வேண்டுமா என்று நண்பர் ஒருவர் தயங்கினார். சேர்க்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில், நம் பேச்சு வழக்கில் ஷூ கம்பெனியில், காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் தங்கை ஒருவர் நம் உறுப்பினர். அவர் பெயரைச் சொல்ல அவரிடம் நான் இசைவு பெறவில்லை, உங்களுக்குத் தெரியும். தையல் ஊசியைப் பற்றிப் பன்னிரண்டு வரியில் ஒரு கவிதையை நம் மாதக் கூட்டத்தில் படித்தார். அன்றைய கூட்டக் குறிப்பேட்டைச் சென்ற வாரம் வாங்கிப் பார்த்தேன். எழுவர் அக்கவிதையைப் பாராட்டிப் பேசியதாகவும், ஒருவர் அதனைப் பத்தாண்டில் இங்கு படிக்கப்பட்ட சிறந்த கவிதைகளுள் ஒன்று என்று கூறியதாகவும் பதிவாகியுள்ளது. சென்ற ஆண்டு யாரோ அதனைக் கைப்பேசியில் தட்டெழுதி அனுப்ப, அது ஊர் ஊராகப் பரவியது. போகிற வழியில் எழுதியவர் பெயர் உதிர்ந்தது. சூரியோதயப் படம் ஒன்று வந்து சேர்ந்தது. உழைப்பே உயர்வு என்ற பொருளில் இரண்டு வரிகளை யாரோ கடைசியில் ஒட்டிவிட்டார்கள். என் அண்டை வீட்டு அம்மையார் எனக்கே அதை அனுப்பி, “நல்ல கருத்து, படியுங்கள்” என்றார்.

அதற்குப் பின் நடந்த கூட்டத்தின் குறிப்பையும் பார்த்தேன். அக்கவிதை மேலோட்டமானது, பெருவாரி மக்களுக்குப் பிடிக்கும்படி எழுதப்பட்டது என்று கருத்துரைக்கப்பட்டுள்ளது. அவ்வாறு உரைத்தவர்களுள் மூவர் முதற்கூட்டத்தில் பாராட்டிய எழுவரில் உள்ளவர்கள். பன்னிரண்டு வரியில் ஒரு சொல்லும் மாறவில்லை. அந்தத் தங்கை அன்று அவையில்தான் இருந்தார். அதன்பின் நான்கு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை.

அந்த மூவர்மீது எனக்குச் சினமில்லை. தாம் முதலில் கண்டது தம்மிடமிருந்து போய்விட்டதே என்ற ஏக்கம் யாருக்கும் வரும். அதை மதிப்பீட்டின் மொழியில் அவர்கள் சொன்னதைத்தான் சுட்டுகிறேன். ஒரு கவிதை நமக்கு எப்போது பிடிக்காமற் போயிற்று என்ற நாளைக் குறித்துப் பாருங்கள். அது புகழடைந்த நாளுக்கு மறுநாளாக இருந்தால் நம் கருத்தைச் சற்று ஆறப்போடுவது நல்லது. அந்த இரண்டு ஒட்டு வரிகளின்மீதோ நாம் எவ்வளவு வேண்டுமானாலும் சினக்கலாம். அங்கேதான் நம் திறனாய்வுக்கு வேலை இருக்கிறது. அக்கவிதையைப் படித்த ஆயிரம் பேருக்கும், பன்னிரண்டாம் வரியோடு அது முடிகிறது, ஊசியை நிறுத்திவிட்டு நிற்கும் அந்த மௌனத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது, பின்னால் வருவது யாரோ ஒட்டியது என்று சொல்லக்கூடியவர்கள் உலகில் நாற்பது பேர்தாம் உண்டு. அந்த நாற்பது பேரும் இக்கூடத்தில் இருக்கிறோம். என் அண்டை வீட்டு அம்மையாருக்கு நான் அதைச் சொன்னேன். அவர் கைப்பேசியை வாங்கி மறுபடியும் படித்துவிட்டு, “ஆமாம், அந்த ரெண்டு வரி இல்லாம இருந்தாதான் மனசு என்னவோ பண்ணுது” என்றார். புதுக்கவிதையைப் பற்றி எந்த வகுப்பிலும் அவர் படித்ததில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். அக்கவிதை அதன் சரியான வடிவில், எழுதியவர் பெயரோடு, அவர் இசைந்தால் இவ்விழா மலரின் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும்; அருகில் அரைப்பக்க அளவில் ஒரு குறிப்பும் வேண்டும். முதற்கூட்டத்தில் அதைப் பாராட்டிய எழுவருள் ஒருவர் அக்குறிப்பை எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

இரண்டாவது வேண்டுகோள் நேரம் பற்றியது. நம் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. சனிக்கிழமை தொழிற்சாலை உண்டு. பணி முடித்துப் பள்ளிகொண்டாவில் பேருந்து மாறி அவர் அணைக்கட்டு வந்து சேர ஏழு மணியாகிறது. இத்தனை நாளும் கூட்டம் பாதி முடிந்தபின்தான் அவர் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் கூட்டத்தை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ள இயலுமா என்பதைச் செயலாளர் அவர்கள் தம் நன்றியுரையில் இம்மேடையிலேயே அறிவித்தால், இன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்று நான் அதைச் சொல்லிவிடுவேன்.